தலைவர் வீட்டு ஊற்று

தலைவர் வீட்டுக்கு யார் போனாலும் முதலில் நிலவறைக்குத்தான் இறங்க வேண்டும். உட்காரச் சொல்வது, காப்பி கொடுப்பது எல்லாம் அப்புறம். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, "வாங்க, ஒண்ணு காட்டறேன்" என்று அவர் படியிறங்க, விருந்தாளி பின்னாலேயே போவார். கீழே மூலையில் ஒரு சதுரக் குழி. அதன் மூடியைத் தூக்கி வைத்துவிட்டுத் தலைவர் உதட்டில் விரலை வைப்பார். எல்லோரும் மூச்சடக்கிக் குழியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீர் மெல்ல ஏறும். மிதவை மேலே வரும். டக்கென்று ஒரு சத்தம். மோட்டார் உறும ஆரம்பிக்கும்.

"பாத்தீங்களா? நான் சுவிட்சையே தொடல. தண்ணி எவ்வளவு வேணா வரட்டும், நம்ம மோட்டார் விடாது."

தண்ணீர் ஏன் அவ்வளவு வருகிறது என்று இதுவரை ஒரு விருந்தாளியும் கேட்டதில்லை. கேட்டால் காப்பி இன்னும் தாமதமாகும்.

எதற்குத் தலைவர் என்று புதிதாக வருகிறவர்கள் விசாரிப்பதுண்டு. எங்கள் தெருவின் குடியிருப்போர் சங்கத்துக்கு. அந்தச் சங்கத்தின் கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறவர் அவர் ஒருவர்தான் என்பதால் ஒவ்வொரு வருடமும் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுவிடுவார்.

ஒட்டினாற்போல அடுத்த வீடு அவருடைய தம்பியுடையது. தம்பி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "கிளச்சு! கிளச்சு!" என்று கத்திக் கத்தி, அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. இப்போதெல்லாம் அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறார்.

அப்பா விட்டுப்போன ஒரே மனையை இரண்டாகப் பிரித்து இரண்டு பேரும் வீடு கட்டினார்கள். அண்ணன் நிலவறைக்கு எட்டடி தோண்டினார் என்று கேள்விப்பட்டதும் தம்பி எட்டரை அடி தோண்டினார். அந்த அரையடியில் அவருக்குக் கிடைத்தது கொஞ்சம் கூடுதல் தண்ணீர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து விட்டார்கள். பக்கவாட்டில் ஒருக்களித்துப் போனால்கூடச் சட்டை உரசும். கட்டட வேலையில் மிஞ்சிய செங்கல் துண்டு, காரை எல்லாவற்றையும் அதற்குள் கொட்டினார்கள். அப்புறம் சந்து யாருக்குச் சொந்தம் என்று சண்டை வந்தது. யாருக்கும் இல்லை என்று முடிவாகி, முன்னும் பின்னும் அடைத்து, மேலே தகரத்தைப் போட்டு மூடிவிட்டார்கள்.

மழைக்காலம் வந்துவிட்டால் காலையில் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே இரண்டு தலைகள் தெரியும்.

"ராத்திரி எத்தன தடவடா ஓடுச்சு உன் மோட்டார்?"

"எண்ண முடியலண்ணா. உங்களுது?"

"என்னுது நின்னாத்தானேடா எண்றதுக்கு!"

எடுத்த தண்ணீர் எங்கே போகிறது என்பதை மட்டும் இருவரும் சொல்ல மாட்டார்கள். அந்தக் கேள்விக்குக் கிட்டத்தில் பேச்சு வந்தால் அண்ணன் வானத்தைப் பார்ப்பார். தம்பி வாட்சைப் பார்ப்பார். இரண்டு முகத்திலும் ஒரே சாயலில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது அப்போதுதான் தெரியும்.

தலைவரின் மனைவி தெருவுக்கே அண்ணி. கொழுந்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு எல்லோருக்கும் அப்படியே ஆகிவிட்டது. அண்ணி தையல்காரர். கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டு மேசையின் ஒரு ஓரத்தில் மிஷினை வைத்துத் தைக்கிறார். மேசைக்கு யாராவது சாப்பிட வந்தால் துணியைச் சுருட்டி, மிஷினை இறக்கி, அவர்கள் கைகழுவிப் போனதும் மறுபடி ஏற்றி வைக்க வேண்டும். அந்த வீட்டில் தலைவரோடு சாப்பிட எப்போதும் யாராவது வந்துகொண்டே இருப்பார்கள்.

இந்த வருடம்தான் ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. ஓர் ஆஸ்பத்திரியின் மேட்ரன், நோயாளிகளுக்கான அங்கியும் தலையணை உறையும் தைத்துத்தர ஆள் தேடிக்கொண்டிருந்தார். அண்ணி மாதிரிக்குச் சிலதைத் தைத்து, மடித்து, மேலே இடமில்லாததால் நிலவறை அலமாரியில் சில நாள் வைத்திருந்து, பிறகு கொண்டுபோய்க் கொடுத்தார்.

மேட்ரன் தையலை இழுத்துப் பார்த்தார். மடிப்பைத் திருப்பிப் பார்த்தார். "கை சுத்தம்" என்றார். பிறகு துணியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"எங்கம்மா வெச்சிருந்தீங்க இத?"

"கீழ் ரூம்லங்க."

மேட்ரன் ஓர் அங்கியின் ஓரத்தைப் பிரித்துக் காட்டினார். வெள்ளைத் துணியில் மிளகுப்பொடி தூவினாற்போலப் பூஞ்சைப் புள்ளிகள்.

"மாசாமாசம் வேலை தர்றேன். நீங்க ரெண்டு பொண்ணுங்கள வெச்சே நடத்தலாம். ஆனா இது ஆபரேஷன் முடிஞ்சவங்க போட்டுக்கற துணி. ரூம் காஞ்சிருக்கணும். நானே வந்து பாப்பேன். அதுவும் மழை பெய்யறப்பவே வருவேன். வெயில்ல எல்லா ரூமும்தான் காஞ்சிருக்கும்."

அண்ணி வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார்.

"காஞ்சிருக்கணுமாமா? நம்ம பேஸ்மென்ட்ட விடக் காஞ்ச இடம் வேற எங்க இருக்கு?" என்றார் தலைவர். "சும்மா ஒரு நாளைக்கு எத்தன தடவ மோட்டார் ஓடுது!"

"மோட்டார் ஓடுதுன்னா தண்ணி வருதுன்னுதானேங்க அர்த்தம்?"

"வருது. நாமதான் எடுத்துடறோமே."

"எடுக்க எடுக்க வருதே."

"வர வர எடுக்கறோமே!"

இந்தப் பேச்சு இதற்கு மேல் எங்கும் போகாது என்று அண்ணிக்குத் தெரியும். போன வருடம் சுவரில் ஈரம் தெரிந்தபோது தலைவர் நீர்புகாத பெயின்ட் வாங்கி அடித்தார். மாதம் முடிவதற்குள் சுவரெல்லாம் கொப்புளம். ஒரு கொப்புளத்தை அண்ணி விரலால் குத்தினார், உள்ளேயிருந்து தண்ணீர் வழிந்தது. "பாத்தியா, பெயின்ட் எப்படிப் புடிச்சு வெச்சிருக்கு!" என்றார் தலைவர்.

அந்த வாரத்திலேயே ஒரு நாடகக் குழு மேடைத் திரைக்குச் சாயம் போட்டுத்தரக் கேட்டிருந்தது. மெரூன் நிறம். மேலே வைத்துச் சாயம் காய்ச்சினால் புது டைல்ஸ் கறையாகிவிடும் என்று தலைவர் தடுத்துவிட்டார். "கீழ போய் எது வேணா பண்ணிக்கோ." அண்ணி கீழே போய்ப் பெரிய அண்டாவில் சாயமும் சலவைச் சோடாவும் கரைத்துத் திரையை முக்கி எடுத்தார். மிஞ்சிய சாயத்தண்ணீரை மேலே தூக்கிவர இடுப்பு ஒத்துழைக்கவில்லை. மூலைக் குழியில் கவிழ்த்தார். மோட்டார் டக்கென்று ஓடி, தன் பெருமைக்குக் குறைவில்லாமல் அவ்வளவையும் வெளியே தள்ளிவிட்டது.

மறுநாள் காலையில் கிளச்சு காம்பவுண்டுச் சுவரில் தலையைக் காட்டவில்லை. வாசல் வழியாகவே ஓடிவந்தார், கையில் ஒரு கண்ணாடிப் பாட்டிலோடு. உள்ளே சிவப்புத் தண்ணீர்.

"அண்ணா! எங்க பேஸ்மென்ட்ல ஊத்து கிளம்பியிருக்கு!"

தலைவர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "துரு."

"துரு இப்படியா ஜொலிக்கும்? தாது உப்பு! எட்டரை அடி தோண்டினேன்ல, அந்த அரையடிக்குக் கீழதான் இருந்திருக்கு. எட்டடில நின்னுட்டவங்களுக்குக் கிடைக்காது."

அன்றைக்குத் தலைவருக்குச் சோறு இறங்கவில்லை. நல்லவேளையாக, தம்பியின் மோட்டாரும் சும்மா இருக்கிற மோட்டார் இல்லை. சாயங்காலத்துக்குள் தலைவரின் குழியிலும் இளஞ்சிவப்பாக நீர் ஏறியது. தலைவர் படியிலிருந்தே கூவினார்: "நம்ம வீட்லயும் வந்துடுச்சு! ஊத்துக்கண்ணே நம்ம பக்கம்தான். அவனுக்குப் போறது மிச்சம்!"

"என்னங்க, அது வந்து..." என்றார் அண்ணி.

"இரு, இரு. கவுன்சிலருக்கு போன் போடணும்."

"இல்லங்க, நேத்து நான் கீழ..."

"நிலத்தடி நீர் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்? அது பெரிய சப்ஜெக்ட்டு."

மூன்றாம் தடவையும் சொல்லிப் பார்த்தார். தலைவர் பேசவேண்டிய பேச்சைக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி அதற்குப் பிறகு சொல்லவில்லை. சாயம் தன்னுடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தன் குழியில் கொட்டியது ஓரகத்தி வீட்டில் போய் எப்படி முளைத்தது என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டியிருந்தது.

இரண்டு வீட்டுச் சமையலறை ஜன்னல்களும் அந்தச் சந்தைப் பார்த்தபடிதான் இருக்கின்றன. வீடு கட்டிய நாளிலிருந்து திறந்ததில்லை. அண்ணி சுத்தியலால் தாழ்ப்பாளை இரண்டு தட்டுத் தட்டி ஜன்னலைத் திறந்தார். எதிர் ஜன்னலையும் கை நீட்டித் தட்டினார். கொஞ்ச நேரத்தில் அதுவும் கிறீச்சிட்டுத் திறந்தது. கிளச்சின் மனைவி, அந்த வீட்டுச் சின்னவள், எட்டிப்பார்த்தாள்.

"யாரு? அக்காவா! என்னக்கா, சுவத்துக்குள்ளருந்து வர்றீங்க?"

"டார்ச் இருந்தா எடுத்துட்டு வா. ஏண்டி, உங்க மோட்டார் குழாய் எங்க போய் முடியுது?"

"தெரியலக்கா. அது ரகசியம்னாரு."

"எங்க வீட்லயும் ரகசியம்தான்."

டார்ச் வெளிச்சம் கீழே இறங்கியது. தகரத்துக்கு அடியில், செங்கல் குவியலுக்கு மேலே, இரண்டு சுவரிலிருந்தும் இரண்டு குழாய் வாய்கள் நேருக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தன, புது மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவருக்கொருவர் ஊட்டிவிடுகிற மாதிரி. இரண்டின் உதட்டிலும் மெரூன் சாயம். மொட்டைமாடி மழைத்தண்ணீர்க் குழாய்கள் இரண்டும்கூட அங்கேயேதான் வந்து இறங்கின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குழாய் துப்பியது. தண்ணீர் செங்கல் இடுக்குக்குள் மடமடவென்று இறங்கிக் காணாமல் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து எதிர்வீட்டில் டக்கென்று சத்தம். இன்னொரு குழாய் துப்பியது.

"அப்ப எங்க வீட்ல ராத்திரி பூரா ஓடுறது..." என்றாள் சின்னவள்.

"எங்க வீட்டுத் தண்ணி."

"உங்க வீட்ல ஓடுறது?"

"உங்களுது."

"கரண்டு பில்லு?"

"அது மட்டும் அவங்கவங்களுது."

சின்னவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அண்ணிக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பாதியில் நின்றுவிட்டது. "மேட்ரன் வரப்போறாங்கடி. இந்தச் சந்து காயாம எங்க பேஸ்மென்ட் காயாது. இந்தத் தண்ணி தெருச் சாக்கடைக்குப் போகணும். அதுக்குக் குழாய் வீட்டுக்கு முன்னாடிதான் போகணும்."

"முன்னாடியா? மாமா விடுவாரா? முன்வாசல் பூரா கிரானைட்டாச்சே!"

அதுதான் விஷயம். முன்பக்கம் குழாய் தெரிந்தால் இந்த வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்று போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் தெரிந்துவிடும். மோட்டாரைக் காட்டிப் பெருமைப்படுகிற இருவரும் குழாயைக் காட்டக் கூசினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு வீட்டு வாசலுக்கும் பொதுவாக ஒரு மேசை போட்டு, அதன் மேல் ஒரு வெள்ளி டம்ளர் வைத்திருந்தார்கள். ஊற்று யாருடையது என்ற தகராறைக் கவுன்சிலர் வரும்வரை ஒத்திவைத்திருந்தார்கள். தெருவே கூடியது. சங்கக் கூட்டத்துக்கு வராதவர்கள் எல்லோரும் அன்றைக்கு வந்திருந்தார்கள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "பெரியோர்களே, தாய்மார்களே! பல லட்சம் ஆண்டுகளாக மண்ணின் மடியில் உறங்கிக்கொண்டிருந்த ஒரு செல்வம், இன்று நம் தெருவைத் தேடி வந்திருக்கிறது. அது ஏன் நம் தெருவைத் தேடி வந்தது? ஏன் என் வீட்டைத் தேடி வந்தது?"

"எங்க வீட்டைண்ணா" என்றார் கிளச்சு.

"சரி, நம் குடும்பத்தைத் தேடி வந்தது! கவுன்சிலர் அவர்கள் முதல் வாய் அருந்தி..."

கவுன்சிலர் டம்ளரைப் பார்த்தார். அரசியலில் நெடுங்காலம் தாக்குப்பிடித்தவர் அவர். "பெருமை உங்களுதுங்க. முதல் வாய் நீங்கதான் குடிக்கணும்" என்று பின்வாங்கிக்கொண்டார்.

கைதட்டல். தலைவர் டம்ளரை உயர்த்திவிட்டார்.

"குடிச்சுத் தொலைக்காதீங்க!"

அண்ணியின் குரல் அவ்வளவு உரக்க யாரும் கேட்டதில்லை. "அதுல சாயம் இருக்கு. சலவைச் சோடாவும் இருக்கு. நாடகத் திரைக்கு நான் காய்ச்சினது."

"அக்கா சும்மா சொல்லல" என்று சின்னவளும் கூட்டத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டாள். "ரெண்டு மோட்டார்லயும் மாறி மாறிப் போயிட்டு வந்திருக்கு அந்தத் தண்ணி. பஸ்ஸு கூட அத்தன நடை அடிச்சிருக்காது."

அண்ணி மெரூன் திரையின் ஓரத்தைக் கொண்டுவந்து டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார். டம்ளரில் இருந்தது அதன் வெளிறிய சாயல். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. அப்புறம் யார் சிரிக்கவில்லை என்பதும் தெரியவில்லை. கவுன்சிலர் மட்டும் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு காருக்குப் போனார். துண்டு குலுங்கியது.

அண்ணனும் தம்பியும் எதிரெதிராக நின்றார்கள்.

"டேய், உன் குழாய எங்கடா விட்டிருக்க?"

"உங்க குழாய எங்கண்ணா விட்டிருக்கீங்க?"

தன் வீட்டுத் தண்ணீரைச் சத்தமில்லாமல் அடுத்தவன் அஸ்திவாரத்துக்கு அனுப்பிவிட்டதாக இத்தனை வருடம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேர், ஒருவரையொருவர் எந்த முகத்தோடு திட்டுவது?

கூட்டத்தில் நின்றிருந்த பிளம்பர் மெதுவாக நழுவப் பார்த்தார். சின்னவள் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு குழாயும் நீங்கதானே போட்டீங்க?"

"ஆமாங்க."

"ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

பிளம்பர் நிமிர்ந்தார். "பெரியவரு, தம்பிகிட்ட சொல்லாதேன்னாரு. சின்னவரு, அண்ணன்கிட்ட சொல்லாதேன்னாரு. நான் ரெண்டு பேருக்கும் வாக்கு குடுத்தேன். என் தொழில்ல ரகசியம் வெளிய போனதே கிடையாதுங்க." அன்று அந்த இடத்தில் மானம் கெடாமல் நின்ற ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான்.

அதன் பிறகு தலைவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. குழாய்ப் பேச்சை எடுத்தாலே கையை ஆட்டுவார். "முன்னாடி குழாயா? பாக்கறவன் என்னம்மா நினைப்பான்? இந்த வீட்ல தண்ணி வருதுன்னு நினைக்க மாட்டான்?"

"இப்ப எல்லாருக்கும் தெரியும். சிவப்பா வருதுங்கறதும் தெரியும்."

"அதுக்காக? கிரானைட்ல ஓட்டை போடுறதா!"

அண்ணி மிஷினைத் தூக்கிச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தார். ஓரத்தில் இல்லை, நட்டநடுவில். "அப்ப நான் இங்கதான் தைப்பேன். சாப்பிட வர்றவங்களுக்கு நீங்க பேஸ்மென்ட்ல போடுங்க இலை. மோட்டார் சத்தத்த கேட்டுக்கிட்டே சாப்பிடட்டும்."

தலைவர் மிஷினைப் பார்த்தார். அண்ணி ஊசியில் நூல் கோத்தார். பிறகு, கோத்துக்கொண்டே, பெரிய விஷயமில்லாத மாதிரிச் சொன்னார்: "தம்பி ஒத்துக்கிட்டாராம். நாளைக்கே முன்பக்கம் தோண்டறாங்களாம். அவங்களோடது முதல்ல காஞ்சுடும்."

"என்ன? அவனுதா? முதல்லயா?"

அதே நேரத்தில் அடுத்த வீட்டில் சின்னவள் கிளச்சிடம், மாமா ஒத்துக்கொண்டுவிட்டார், அவர்கள் நிலவறைதான் முதலில் காயும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை பிளம்பர் வந்தபோது இரண்டு வாசலிலிருந்தும் அண்ணனும் தம்பியும் அவரைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள்.

வேலையை ஓரகத்திகள் இருவரும் நின்று செய்வித்தார்கள். சந்திலிருந்த இடிபாட்டை அள்ளி, களிமண் போட்டு இடித்து, தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓடும்படி சரிவு கொடுத்தார்கள். மாடித் தண்ணீர்க் குழாய்களை நீட்டித் தெருச் சாக்கடையில் சேர்த்தார்கள். மோட்டார்க் குழாய்கள் இரண்டையும் கிரானைட்டின் மேலேயே கொண்டுபோனார்கள். நிலவறைக்குள் கொப்புளம் கொப்புளமாக நின்ற பெயின்ட்டைச் சுரண்டி எறிந்துவிட்டு வெறும் சுண்ணாம்பு அடித்தார் அண்ணி, சுவர் மூச்சு விடட்டும் என்று. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை தள்ளிப் போட்டார். மழைக்காற்று ஈரத்தை உள்ளே கொண்டுவரும் என்று, தரைமட்டத்துக்கு மேலே இருந்த நிலவறை ஜன்னலைச் சாத்தி வைத்தார். வானம் வெளிவாங்கிய மத்தியானங்களில் மட்டும் திறந்து விசிறியைப் போட்டார். தலைவர் ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்புத் தெரிவித்தார். சங்கத்தில் தலைவர் சொல்வதுபோலவே, எதிர்ப்பு பதிவு செய்யப்பட்டது என்று சொல்லிவிட்டு அண்ணி வேலையைப் பார்த்தார்.

பெரிய மழை ஒன்று வந்தது. தெருவெல்லாம் தண்ணீர். தலைவர் குழியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மிதவை அசையவில்லை. விடிந்ததும் பார்த்தார், அசையவில்லை. கடைக்காரர் ஒருவர் வந்தபோது பழக்கதோஷத்தில் அவரைக் கீழே அழைத்துப்போய் விரலை உதட்டில் வைத்துவிட்டார். இருவரும் வெகுநேரம் காய்ந்த குழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் கடைக்காரர், "நான் அப்புறமா வரட்டுங்களா?" என்றார்.

மறுநாள் அண்ணி படியிறங்கும்போது கீழே டக்கென்ற சத்தம் கேட்டது. ஓடினார். குழிக்குப் பக்கத்தில் தலைவர் நின்றுகொண்டிருந்தார். கையில் காலி வாளி.

"ஊத்தினீங்களா?"

"ஓடுதான்னு... சும்மா பாத்தேன். மிஷினு, ஓடாம இருந்தா துருப்பிடிச்சுடும்மா."

"நாளைக்கு மேட்ரன் வர்றாங்க."

"ஒரே ஒரு வாளிதான்."

அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்டியிட்டு, தரையில் சிந்தியதைத் துணியால் ஒற்றி எடுக்க ஆரம்பித்தார். தலைவர் பார்த்தார். அவர் மனைவி அழவில்லை, திட்டவில்லை. தரையின் ஒவ்வொரு மூலையையும் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைப் பார்க்கிற மாதிரி. தலைவர் வாளியை வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இன்னொரு துணியை எடுத்தார்.

மேட்ரன் சொன்னபடி மழையோடு வந்தார். சுவரைத் தடவினார். மோந்து பார்த்தார். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டார். அப்புறம் கைப்பையிலிருந்து ஒரு பீங்கான் தட்டை எடுத்து, அதில் ஒரு பிடி தூள் உப்பைக் கொட்டித் தரையின் நடுவில் வைத்தார்.

"நாளைக்கு இதே நேரத்துக்கு வருவேன். உப்பு ஈரத்தக் குடிச்சா கட்டிப்பட்டுடும். கட்டிப்படலன்னா வேலை உங்களுது."

அவர் போனதும் தலைவர் நாற்காலியை உப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். யாரையும் கிட்டே விடவில்லை. எட்டிப்பார்க்க வந்த கிளச்சையும் படியிலேயே நிறுத்தினார். "தலைய துவட்டிட்டு வாடா. சொட்டுது பாரு!"

கிளச்சு துவட்டிக்கொண்டு வந்தார். "நான் அந்தப் பக்கம் உக்காந்துக்கறேண்ணா. ரெண்டு பக்கமும் பாக்கணும்ல."

"உக்காரு. உப்புப் பக்கம் திரும்பி மூச்சு விடாத."

இரண்டு பேரும் தட்டுக்கு இருபுறமும் உட்கார்ந்தார்கள். தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் மேலே போய்க் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். தம்பிக்குத் தும்மல் வந்தபோது அண்ணன் அவரைக் கையைப் பிடித்துப் படிவரை இழுத்துக்கொண்டு ஓடினார். மனையைப் பிரித்ததற்குப் பிறகு அவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் மேட்ரன் வந்தபோது மழை இன்னும் விடவில்லை. அண்ணி சுவரோரமாக நின்றார். சின்னவள் அவர் முழங்கையைப் பிடித்திருந்தாள். மேட்ரன் குனிந்து தட்டை எடுத்தார். மெல்லச் சாய்த்தார்.

உப்பு மணல் மாதிரிச் சரசரவென்று வழிந்து அவர் உள்ளங்கையில் குவிந்தது.

மேட்ரன் கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "திங்கக்கிழமை துணி அனுப்பறேன். மிஷின எங்க போடறதா இருக்கீங்க?"

"ஜன்னலுக்குக் கீழங்க. அங்கதான் வெளிச்சம் நல்லா விழுது" என்றார் அண்ணி.

"ஆஸ்பத்திரிலயே எங்க ஸ்டோர் ரூம் இப்படி இல்லம்மா. யாரு காய வெச்சது இத?"

தலைவர் மூச்சை இழுத்தார். எங்கள் தெருவுக்கு அந்த மூச்சு தெரியும். அதற்குப் பின்னால் பெரியோர்களே, தாய்மார்களே என்று வரும். ஆனால் இழுத்த மூச்சை வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அப்படியே மெதுவாக வெளியே விட்டுவிட்டார்.

"நான்தாங்க" என்றார் அண்ணி, தலையை நிமிர்த்தி. "நானும் என் ஓரகத்தியும்."

"அப்ப இவங்க ரெண்டு பேரும்?"

"அவங்க உப்புக்குக் காவலுங்க."

தலைவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். கிளச்சும் எழுந்து அண்ணனுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார்.

"ஆமாங்க மேடம்" என்றார் தலைவர். "ஒரு கல்லு உப்பக்கூட ஈரமாக விடல."